வெள்ளை ஒயினும் வெளுத்த வெல்லமும்

வெள்ளை ஒயின் ஒரு கிளாஸ் உள்ளே போனதும் சிலருக்கு மூக்கு அடைக்கும், தும்மல் கிளம்பும், நெஞ்சு இறுகும். ஏற்காட்டுக்கு வந்த இடத்தில் இப்படி ஆனால், பழி மலைக்குளிரின் தலையில் விழும். ஆஸ்துமாக்காரர்கள் அப்படி விட்டுவிடக் கூடாது.

காரணம் சல்பைட்டாக இருக்கலாம். ஒயின் கெடாமலும் நிறம் மாறாமலும் இருக்கக் கந்தக டை ஆக்சைடு சேர்க்கிறார்கள். சிவப்பு ஒயினில் திராட்சைத் தோலிலிருந்து இறங்கும் டானின் ஓரளவு காப்பாற்றிவிடும். தோல் நீக்கிய சாற்றைப் புளிக்கவைக்கும் வெள்ளை ஒயினில் அது குறைவு. அதனால் சல்பைட் கூடுதலாகப் போகிறது. ஐரோப்பிய ஒன்றியம் சிவப்புக்கு லிட்டருக்கு 150 மில்லிகிராமும் வெள்ளைக்கு 200 மில்லிகிராமும் பொது வரம்பாக வைத்திருக்கிறது. ஈஸ்ட்டே கொஞ்சம் சல்பைட்டை உண்டாக்கும் என்பதால், அது அறவே இல்லாத ஒயின் அரிது.

பெரும்பாலோரை இது ஒன்றும் செய்வதில்லை. ஆஸ்துமா உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும், குடிக்கும்போது எழும் கந்தக வாயு மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடுகிறது. குடித்ததும் முகம் சிவந்து சூடாவது வேறு கதை. ஆல்கஹாலிலிருந்து உண்டாகும் அசிட்டால்டிஹைடைச் சிதைக்கும் நொதியின் பரம்பரைக் குறைபாடுதான் பெரும்பாலும் அதற்குக் காரணம்.

ஒயினையே தொடாதவர்களுக்கும் இதில் சேதி உண்டு. சேலம் மாவட்டத்தில் ஓமலூர் வட்டார ஆலைகளில் காய்ச்சும் வெல்லம் செவ்வாய்ப்பேட்டை மண்டிக்கு வருகிறது. வெளுப்பாக இருந்தால்தான் விலைபோகும் என்று சிலர் பாகில் ‘ஹைட்ரோஸ்’ என்கிற சோடியம் ஹைட்ரோசல்பைட்டைக் கொட்டுகிறார்கள். உணவுப் பாதுகாப்புத் துறையினர் இப்படிப்பட்ட வெல்லத்தைப் பலமுறை பறிமுதல் செய்திருக்கிறார்கள். இதனால் வெல்லத்தில் தங்கும் கந்தக டை ஆக்சைடு கிலோவுக்கு 70 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. ஏற்காட்டு மலைமேல் வெள்ளக்கடை ஊரில் பொங்கல் வைக்கும் வீட்டுக்கும் கரும்பு வெல்லம் கீழிருந்துதான் ஏறவேண்டும். குழந்தைகள் தின்னும் பண்டத்தில் நிறத்துக்காக இதைச் சேர்ப்பது மன்னிக்க முடியாத செயல்.

வெள்ளை ஒயின் ஒத்துக்கொள்ளாதவர்கள் மஞ்சள் உலர்திராட்சை, உலர்ந்த ஆப்ரிகாட், பாட்டில் ஸ்குவாஷ் ஆகியவற்றையும் கவனிக்க வேண்டும். லேபிளில் 220 முதல் 228 வரையுள்ள ஐ.என்.எஸ். எண்கள் சல்பைட் வகைகள். கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் லேபிளில் சொல்லியாக வேண்டும். எதைச் சாப்பிட்டபின் எவ்வளவு நேரத்தில் என்ன ஆயிற்று என்று குறித்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள். தோல் பரிசோதனை இதில் பெரும்பாலும் துப்புக் கொடுக்காது. சிறிது சிறிதாகக் கொடுத்துப் பார்க்கும் சோதனை உண்டு. அதை மருத்துவமனையில்தான் செய்ய வேண்டும், வீட்டில் முயலவே கூடாது. மூச்சுத் திணறினாலோ தொண்டை வீங்கினாலோ உடனே 108-ஐ அழையுங்கள். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்க 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ‘சரியாகிவிடும்’ என்று காத்திருக்க நேரமில்லை.

ஆஸ்துமா உள்ளவர்கள் வெள்ளை ஒயினைத் தொடாமலிருப்பதே நல்லது. அடுத்த முறை வெல்லம் வாங்கும்போது, பளபளக்கும் மஞ்சள் அச்சை ஒதுக்கிவிட்டு அடர்பழுப்பைக் கேட்டு வாங்குங்கள்.