இயங்குதள மேம்படுத்தலுக்குப் பின் வரும் வைஃபை இணைப்புச் சிக்கல்கள்

மடிக்கணினியின் இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றிய பிறகு, அதுவரை ஒழுங்காக வேலை செய்துவந்த வைஃபை இணையாமல் போவது பரவலாகக் காணப்படும் சிக்கல். வைஃபை குறியே திரையில் இல்லாமல் போவது, வலையமைப்புகள் பட்டியலில் எதுவும் தெரியாமல் இருப்பது, இணைந்தும் இணையம் வராமல் இருப்பது, அடிக்கடி இணைப்பு அறுந்துபோவது எனப் பல வடிவங்களில் இது வெளிப்படும். பெரும்பாலான நேரங்களில் வைஃபை அட்டை பழுதாகியிருப்பதில்லை. அட்டைக்கும் இயங்குதளத்துக்கும் நடுவே நிற்கும் மென்பொருள்தான் மாறியிருக்கும். ஆகவே புதிய அட்டை வாங்குவதற்கு முன், இணைப்பு எந்த இடத்தில் அறுந்தது என்று கண்டறிவது பணத்தை மிச்சப்படுத்தும்.

தமிழ்நாட்டுப் பின்னணி

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது. எல்காட் நிறுவனம் வழியாகக் கொள்முதல் செய்யப்பட்டு, அரசு, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலை போன்ற காவிரிப் படுகை ஊர்களில் பல வீடுகளுக்கு வந்த முதல் கணினி இதுவே. இவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டிருந்தது. பாஸ் என்பது சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய இந்திய இயங்குதளம்.

அக்கா பயன்படுத்திய மடிக்கணினி தம்பிக்கு வரும்போது இயங்குதளம் பழையதாகியிருக்கும். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்தன. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியும், இன்டெல் செயலி என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ தேவை. திட்டத்தின் தொடக்க ஆண்டுக் கணினிகள் இதற்குத் தகுதி பெறுவதில்லை. எனவே அவற்றை வைத்திருப்போர் புதிய லினக்ஸ் பதிப்புக்கு மாறுகிறார்கள். சற்றே புதிய கணினி வைத்திருப்போர் விண்டோஸ் 11-க்கு மாறுகிறார்கள். இரு வழியிலும் முதலில் சிக்குவது பெரும்பாலும் வைஃபைதான்.

வைஃபை இயங்கும் முறை

வைஃபை இணைப்பு ஐந்து கண்ணிகள் கொண்ட சங்கிலி போன்றது.

1. வைஃபை அட்டை: இன்டெல், ரியல்டெக், குவால்காம் அத்தெரோஸ், பிராட்காம், மீடியாடெக் முதலிய நிறுவனங்களின் சில்லைக் கொண்டது.
2. நிலைபொருள்: அட்டைக்குள் ஏற்றப்படும் சிறு மென்பொருள். பெரும்பாலான அட்டைகளில் கணினி தொடங்கும் ஒவ்வொரு முறையும் இது வட்டிலிருந்து ஏற்றப்படுகிறது.
3. இயக்கி, அதாவது டிரைவர்: இயங்குதளம் அட்டையோடு பேச உதவும் மென்பொருள்.
4. இயங்குதள அமைப்புகள்: சேமித்த கடவுச்சொற்கள், மின்சேமிப்பு, நாட்டுத் தேர்வு, ஐபி முகவரி போன்றவை.
5. ரவுட்டர்: வீட்டிலோ கல்லூரியிலோ இருக்கும் மறுமுனை.

மேம்படுத்தல் முதல் கண்ணியையும் கடைசிக் கண்ணியையும் தொடுவதில்லை. நடுவில் உள்ள மூன்றைத்தான் மாற்றுகிறது. நேற்று இணைந்த கணினி மேம்படுத்திய பின் இணையவில்லை என்றால், முதலில் ஐயப்பட வேண்டியது இந்த மூன்றையே.

அறிகுறியைக் கொண்டு கண்டறிதல்

முதல் சோதனை கைப்பேசி. அதே இடத்தில், அதே வைஃபையில் கைப்பேசிக்கு இணையம் வந்தால் ரவுட்டரில் பொதுவான பழுது இல்லை என்று கொள்ளலாம். அடுத்து, கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் மடிக்கணினியை இணைத்துப் பார்க்க வேண்டும். அதில் இணைந்து வீட்டு வைஃபையில் இணையாவிட்டால் அட்டையும் இயக்கியும் நலம். சிக்கல் இரு பக்கத்து அமைப்புகளுக்கும் இடையே உள்ள பொருத்தத்தில் இருக்கிறது.

வைஃபை குறியே இல்லாவிட்டால் இயக்கியையோ நிலைபொருளையோ பார்க்க வேண்டும். விமானப் பயன்முறை, விசைப்பலகையின் வைஃபை விசை, சில பழைய மாதிரிகளின் பக்கவாட்டுச் சுவிட்சு ஆகியவற்றையும் முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது.

மற்ற வலையமைப்புகள் தெரிந்து வீட்டு வலையமைப்பு மட்டும் தெரியாவிட்டால், அது அலைவரிசைப் பிரச்சினையாக இருக்கலாம். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வரிசையில் இந்தியாவில் 1 முதல் 13 வரையிலான சேனல்கள் பயன்படுத்தப்படுகின்றன. அமெரிக்காவுக்கான அமைப்பில் பெரும்பாலும் 11 வரை மட்டுமே இருக்கும். மேம்படுத்தலின்போது நாட்டுத் தேர்வு மாறிவிட்டால் 12, 13-ஆம் சேனல்களில் இயங்கும் ரவுட்டர் மடிக்கணினியின் கண்ணுக்குத் தெரியாது. நாட்டை இந்தியா என்று மாற்றுவதோ, ரவுட்டரை 1, 6, 11 ஆகியவற்றில் ஒரு சேனலில் நிறுத்துவதோ தீர்வு.

வைஃபை இணைந்தும் இணையம் வராதபோது ஐபி முகவரியைப் பார்க்க வேண்டும். அது 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை என்று பொருள். முகவரி சரியாக இருந்தும் இணையதளங்கள் திறக்காவிட்டால் டிஎன்எஸ் அமைப்பு, பழைய விபிஎன் மென்பொருள், கணினியின் தேதி ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். தேதி தவறாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகக் கருதப்பட்டு, பக்கங்கள் திறக்க மறுக்கும்.

விண்டோஸில் செய்ய வேண்டியவை

டிவைஸ் மேனேஜரைத் திறந்து நெட்வொர்க் அடாப்டர்ஸ் பகுதியைப் பார்ப்பது முதல் படி. அங்கே மூன்று நிலைகளில் ஒன்று காணப்படும்.

வைஃபை அட்டையின் பெயர் மஞ்சள் எச்சரிக்கைக் குறியோடு இருந்தால், அல்லது அட்டை பெயரில்லாக் கருவியாக வேறு பகுதியில் தெரிந்தால், பொருத்தமான இயக்கி இல்லை. மடிக்கணினி நிறுவனத்தின் தளத்தில், மாதிரி எண்ணைக் கொடுத்து அதற்கான இயக்கியைப் பெற்று நிறுவ வேண்டும். எல்லா இயக்கிகளையும் தானே தேடித் தருவதாகச் சொல்லும் பொதுவான மென்பொருள்களைத் தவிர்ப்பது பாதுகாப்பு.

அட்டை எந்தக் குறையும் இல்லாமல் தெரிந்து, இணைப்பு மட்டும் அறுந்து அறுந்து போனால், மேம்படுத்தலின்போது வந்த புதிய இயக்கி அந்த அட்டைக்கு ஒத்துவராமல் இருக்கலாம். அட்டையின் பண்புகளில் உள்ள ரோல் பேக் டிரைவர் பொத்தான் பழைய இயக்கியை மீட்டுத் தரும். அதே இடத்தில் மின்சேமிப்புக்காக அட்டையை அணைக்கும் அனுமதியை நீக்கிப் பார்ப்பதும் பலன் தரும்.

அட்டை பட்டியலில் அடியோடு இல்லாவிட்டால், கணினியை முழுவதுமாக அணைத்து, மின் இணைப்பை எடுத்துச் சில நிமிடங்கள் கழித்துத் தொடங்க வேண்டும். பயாஸ் அமைப்பில் வைஃபை முடக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இவற்றுக்குப் பின்னும் தெரியாவிட்டால்தான் அட்டை பழுது என்ற ஐயத்துக்கு இடமுண்டு.

விபிஎன் மென்பொருள் தனிக் கவனம் பெற வேண்டியது. 2015-இல் விண்டோஸ் 8.1-இலிருந்து 10-க்கு மாறிய பல கணினிகளில், பழைய விபிஎன் மென்பொருள் விட்டுச்சென்ற வடிகட்டி இயக்கியால் வலையமைப்புகளே தெரியாமல் போயின. மேம்படுத்துவதற்கு முன் பழைய விபிஎன் மென்பொருளை நீக்கிவிட்டால் இதைத் தவிர்க்கலாம்.

இறுதி வழிகள் இரண்டு. நெட்வொர்க் ரீசெட் எல்லா அடாப்டர்களையும் நீக்கி மீண்டும் நிறுவும். சேமித்த வைஃபை கடவுச்சொற்கள் போய்விடும் என்பதால் அவற்றைக் குறித்துக்கொண்டு செய்ய வேண்டும். மற்றொன்று, பழைய பதிப்புக்கே திரும்புவது. இதற்கான வாய்ப்பு வழக்கமாக மேம்படுத்திய 10 நாள் வரை மட்டுமே இருக்கும். எனவே முதல் வாரத்துக்குள்ளேயே எல்லாவற்றையும் சோதித்துவிட வேண்டும்.

லினக்ஸில் செய்ய வேண்டியவை

லினக்ஸில் பெரும்பாலான இயக்கிகள் கருனியோடு சேர்ந்தே வருகின்றன. குறை பெரும்பாலும் நிலைபொருளில் இருக்கும். நிலைபொருள் கோப்புகளின் மூலநிரலை நிறுவனங்கள் பெரும்பாலும் வெளியிடுவதில்லை. அதனால் 2011 பிப்ரவரியில் வந்த டெபியன் 6, கட்டற்ற உரிமம் இல்லாத நிலைபொருளைத் தன் கருனித் தொகுப்பிலிருந்து பிரித்து வைத்தது. நிலைபொருள் கோப்பே தேவைப்படாத சில அத்தெரோஸ் அட்டைகள் உடனே இயங்கின; இன்டெல், பிராட்காம் அட்டைகள் கோப்பைக் கேட்டு நின்றன. ஒரே வகுப்பில் இருவர் ஒரே லினக்ஸை நிறுவி, ஒருவருக்கு மட்டும் வைஃபை வருவதற்கு இத்தகைய வேறுபாடு காரணமாக இருக்கலாம்.

2022-இல் நடந்த வாக்கெடுப்புக்குப் பின் டெபியன் இந்த நிலையை மாற்றிக்கொண்டது. 2023 ஜூன் 10 அன்று வந்த டெபியன் 12-இன் நிறுவல் வட்டில் நிலைபொருள் சேர்க்கப்பட்டது. ஆனால் புதிதாக நிறுவாமல் 11-இலிருந்து 12-க்கு மேம்படுத்துவோர், நிலைபொருளுக்கென உருவாக்கப்பட்ட தனிப் பிரிவைத் தங்கள் மென்பொருள் மூலப் பட்டியலில் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் மற்றவை புதுப்பிக்கப்பட்டும் நிலைபொருள் பழையதாகவே நின்றுவிடும்.

கருனியின் தொடக்கச் செய்திகளில் நிலைபொருள் கோப்பு கிடைக்கவில்லை என்ற வரி இருந்தால் காரணம் உறுதியாகிறது. மற்றொரு எளிய சோதனை, கணினி தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலில் பழைய கருனியைத் தேர்ந்தெடுப்பது. அதில் வைஃபை வந்தால் அட்டை நலம். புதிய கருனிக்கும் இயக்கிக்கும்தான் ஒவ்வாமை. பிராட்காம் அட்டைகள் சிலவற்றுக்கான தனி இயக்கியை ஒவ்வொரு கருனிக்கும் மீண்டும் தொகுக்க வேண்டும். அதற்குரிய ஹெடர் கோப்புகள் இல்லாவிட்டால் தொகுப்பு நடக்காது. செக்யூர் பூட் இயங்கும் கணினியில், ஏற்கப்பட்ட கையொப்பம் இல்லாத இயக்கி பொதுவாக ஏற்றப்படாது.

ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் இருந்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற விண்டோஸ் வசதியை அணைத்துப் பார்க்க வேண்டும். இது கணினியை முழுவதுமாக அணைக்காமல் பாதி உறக்கத்தில் வைப்பதால், லினக்ஸ் தொடங்கும்போது சில வைஃபை அட்டைகள் எழுவதில்லை.

வீடும் ரவுட்டரும்

மேம்படுத்தலோடு தற்செயலாகச் சேர்ந்துகொள்ளும் காரணங்களும் உண்டு. காவிரிப் படுகையின் பழைய வீடுகள் திண்ணை, ரேழி, கூடம், முற்றம் எனக் கொல்லை வரை நீளமாகச் செல்பவை. செங்கல் சுவர்கள் தடிமனானவை. ரேழியில் உள்ள ரவுட்டரின் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலை கொல்லைப்புற அறை வரை ஓரளவு எட்டினாலும், 5 ஜிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களில் விரைவாக வலுவிழக்கும். புதிய இயங்குதளம் 5 ஜிகாஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கினால், அதே அறையில் இணைப்பு தடுமாறும். இரு வரிசைகளுக்கும் ரவுட்டரில் தனித்தனிப் பெயர் வைத்தால் வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம். இரும்பு பீரோ, தகரக் கூரை, சுவாமிமலையின் சிற்பப் பட்டறைகளில் இருப்பது போன்ற உலோகக் குவியல் ஆகியவை அலையைத் தடுக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ரவுட்டரின் பாதுகாப்பு முறையும் பார்க்கத்தக்கது. டபிள்யூஇபி, டிகேஐபி ஆகியவை காலாவதியான முறைகள்; விண்டோஸ் 10 தன் 1903 பதிப்பு முதல் இவற்றைப் பாதுகாப்பற்றவை என எச்சரிக்கிறது. ரவுட்டரில் டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் முறையைத் தேர்ந்தெடுப்பது பழைய, புதிய கணினிகள் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும்.

கல்லூரி வலையமைப்புகள்

ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் கல்லூரி வைஃபை, வீட்டு வைஃபையிலிருந்து மாறுபட்டது. 2023 டிசம்பரில் விண்டோஸ் 11-க்கு வந்த புதுப்பிப்புகளை நிறுவிய சில கணினிகள் இத்தகைய வலையமைப்புகளில் இணைய மறுத்தன. வீட்டு வைஃபை பெரும்பாலும் பாதிக்கப்படவில்லை. அதே மாதத்தில் மைக்ரோசாப்ட் அதைச் சரிசெய்தது. இப்படிப்பட்ட நிலையில் மாணவர் தம் கணினியை அழித்து மறுபடி நிறுவுவதால் பயனில்லை. ஹாட்ஸ்பாட்டில் இணைகிறது, கல்லூரியில் மட்டும் இணையவில்லை என்ற தகவலோடு கல்லூரியின் கணினிப் பிரிவை அணுகுவதே வழி.

முன்னேற்பாடுகள்

இணையம் வர இயக்கி வேண்டும். இயக்கியைப் பெற இணையம் வேண்டும். இந்த முட்டுக்கட்டையை உடைக்க எளிய வழி கைப்பேசி. யுஎஸ்பி கம்பியால் இணைத்து யுஎஸ்பி டெதரிங்கை இயக்கினால், ஆண்ட்ராய்டு கைப்பேசியின் இணையம் வைஃபை இல்லாமலே மடிக்கணினிக்குக் கிடைக்கும். அப்போது மற்ற புதுப்பிப்புகள் நாளுக்குரிய டேட்டாவைத் தின்றுவிடாதிருக்க, விண்டோஸில் அந்த இணைப்பை மீட்டர்டு கனெக்ஷன் என்று குறிக்க வேண்டும்.

மேம்படுத்துவதற்கு முன் வைஃபை அட்டையின் பெயரையும் மாதிரி எண்ணையும் எழுதி வைத்தல், அதன் இயக்கியைப் பென் டிரைவில் சேமித்தல், பாடக் கோப்புகளுக்கு நகல் எடுத்தல் ஆகிய மூன்றும் போதுமான காப்பு. லினக்ஸுக்கு மாறுவோர், நிறுவாமலே பென் டிரைவிலிருந்து அதை இயக்கி வைஃபை வருகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

தேர்வு விண்ணப்பம், உதவித்தொகைப் பதிவு போன்றவற்றின் கடைசி நாள் நெருங்கும்போது இயங்குதளத்தை மேம்படுத்தாமல் இருப்பது நல்லது. எல்லாச் சோதனைகளுக்குப் பிறகும் அட்டையே பழுது என்று தெரிந்தால்கூட மடிக்கணினியை ஒதுக்கிவிடத் தேவையில்லை. யுஎஸ்பி துளையில் செருகும் சிறு வைஃபை அடாப்டர் ஒன்று, உள்ளே இருக்கும் அட்டையின் வேலையைச் செய்துவிடும். லினக்ஸ் பயன்படுத்துவோர், தங்கள் கருனியிலேயே இயக்கி உள்ள சில்லாகப் பார்த்து அதை வாங்க வேண்டும்.