தோல் உரிந்த ஓடுகளுக்கு என்ன மருந்து?

ஓட்டு வீடுகள் அருகிவரும் நகரங்களுள் திருச்சியும் ஒன்று. ஆயினும் பாலக்கரையில், சகாய மாதா பசிலிக்காவைச் சுற்றியுள்ள தெருக்களிலும் ரயில் நிலையத்தை ஒட்டிய சந்துகளிலும் மங்களூர் ஓடு வேய்ந்த கூரைகள் இன்னும் சில எஞ்சியிருக்கின்றன. அவற்றை இடிப்போரைப் பற்றிப் பலர் எழுதிவிட்டனர். காப்பாற்ற நினைத்து, தூய்மை செய்கிறோம் என்ற பெயரில் ஓட்டைக் கெடுத்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்போருக்காகவே இதை எழுதுகிறேன்.

எனக்கு நெருங்கிய உறவினர் குடும்பம் ஒன்று அவர்களுள் அடங்கும். வீட்டில் திருமணம். கறுத்துப்போன கூரையைப் பளிச்சென்று ஆக்கித் தருவதாக ஒருவர் வந்தார். முதலில் ஆசிட் தெளித்தார். பிறகு, இருசக்கர வாகனங்களுக்கு வாட்டர் சர்வீஸ் செய்யும் பம்பைக் கொண்டு நீரைப் பீய்ச்சினார். அன்று மாலை கூரை புதிதுபோல் சிவந்திருந்தது உண்மைதான். பத்து நாள்களில் வெண்திட்டுகள் பூத்தன. ஓரங்களில் மஞ்சள் கறை வழிந்தது. முதல் மழையிலேயே முகட்டில் ஒழுகத் தொடங்கியது. இப்போது அதே ஆள் எனாமல் அடித்தால் சரியாகிவிடும் என்கிறார்.

நேர்ந்தது என்ன என்பதை விளங்கிக்கொண்டால்தான் அடுத்த அடி தவறாமல் இருக்கும். 1841-இல் பிரான்ஸின் கில்லார்டோனி சகோதரர்கள் ஒன்றோடொன்று கொக்கியிட்டு அமரும் ஓட்டை உருவாக்கினர். அவ்வகை ஓட்டை 1865-இல் பாசல் மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் மங்களூரில் தொடங்கிய ஆலை நம் நாட்டுக்குப் பழக்கப்படுத்தியது. அச்சில் அழுத்தும்போது நுண்ணிய களிமண் மேற்பரப்புக்கு வந்து சூளையில் இறுகுகிறது. ஓட்டின் தோல் அதுதான். உள்ளே இருக்கும் மண் அதைவிடத் துளைகள் மிக்கது. வேகமாகப் பீய்ச்சும் நீர் பாசியோடு அந்தத் தோலையும் அரித்துவிடுகிறது. ஆசிட்டோ ஓட்டுக்குச் செந்நிறம் தரும் இரும்புக் கூறைக் கரைத்து மஞ்சள் கறையாக வெளியேற்றுகிறது. முகட்டு ஓடுகளைப் பிணைக்கும் சுண்ணாம்புச் சாந்தையும் அது தின்றுவிடும். ஒழுகலுக்குக் காரணம் இதுவே. சுண்ணாம்பும் ஆசிட்டும் சேர்ந்து உண்டாகும் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் தன்மையது. எனவே கூரை முழுமையாக உலர்வதில்லை. சொரசொரப்பான பரப்பில் பாசியும் முன்னிலும் விரைவாகப் பற்றும்.

உரிந்த தோலை மீண்டும் போர்த்த இயலாது. இதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். தோற்றத்தைப் பெருமளவு மீட்கலாம். ஆனால் அதற்கு ஒரு கோடைக்காலம் தேவை.

முதல் வேலை கழுவுவது. முகட்டிலிருந்து இறவாரம்வரை, அழுத்தமில்லாத குழாய் நீரால், சில நாள் இடைவெளியில் மூன்று நான்கு முறை கழுவ வேண்டும். காவிரி நீர் கிடைக்கும் வீட்டில் உப்புச்சுவையுள்ள ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தாதீர்கள். உப்பைப் போக்க உப்பையே ஊற்றுவதாகிவிடும். பிறகு வெயில் தன் வேலையைச் செய்யட்டும். ஓடு உலர உலர உள்ளிருக்கும் உப்பு வெண்பொடியாக மேலே வரும். அதைக் கண்டு பதறி மீண்டும் நீர் ஊற்றினால், உப்பு கரைந்து உள்ளேயே திரும்பிவிடும். தென்னை நார்த் தூரிகையால் உலர்ந்த நிலையிலேயே துடைத்து, பொடியை அள்ளி அப்புறப்படுத்த வேண்டும். சித்திரை வெயிலுக்குத் திருச்சியில் பஞ்சமில்லை; இந்த ஒரு காரியத்துக்காவது அதை நான் வாழ்த்துவேன்.

அடுத்து, ஒவ்வோர் ஓட்டையும் விரல் முட்டியால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று ஒலித்தால் நல்லது. மந்தமாக ஒலித்தால் உள்ளே விரிசல். ஒரு கரண்டி நீர் ஊற்றினால் உடனே உறிஞ்சும் ஓடு தோலை இழந்தது. தெருவைப் பார்த்த சரிவில் மிகவும் கெட்டவற்றை எடுத்துவிட்டு, கொல்லைப்புறச் சரிவில் பம்பு படாத பழைய ஓடுகளை அங்கு மாற்றலாம். குறையும் ஓடுகளுக்கு, இடிபடும் வீடுகளின் பழைய ஓடுகளைத் தேட வேண்டும். ஆலைக்கு ஆலை அச்சு வேறுபடும் என்பதால், பின்புற முத்திரையைப் பார்த்து, ஓர் ஓட்டைக் கையோடு எடுத்துச் சென்று பொருத்திப் பார்த்து வாங்குவதே அறிவுடைமை. முகட்டைச் சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்த சாந்தால் மீண்டும் பூச வேண்டும். சிமென்ட் கெட்டியாகப் பிடித்து, பின்னாளில் கழற்றும்போது ஓட்டையும் உடைத்துவிடும்.

நிறத்துக்கு வருவோம். எனாமல் அடிக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஓட்டின் அடிப்பக்கத்திலும் இடுக்குகளிலும் ஈரம் புகுந்துகொண்டே இருக்கும். மேலே பிளாஸ்டிக் போன்ற படலம் மூடியிருந்தால், அந்த ஈரமும் உப்பும் படலத்தை உந்திக் கொப்புளமாக்கும். உரியும்போது மண்ணையும் பெயர்த்துக்கொண்டு வரும். பிறகு, “ஓடே மோசம், தகரம் போடுங்கள்” என்ற பேச்சு எழும். பாலக்கரையில் சில கூரைகள் தகரமானது இந்த வழியில்தான். மே மாதத்தில் அந்த வீடுகளுக்குள் ஒரு மணி நேரம் அமர்ந்தவர்களுக்கு இழப்பு இன்னதென்று தெரியும். திட்டுகள் கண்ணை உறுத்தினால், காவியை நீர்த்த கரைசலாக்கி மெல்லியதாகப் பூசலாம். மழை அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும், கரையட்டும். இரண்டு மழைக்காலம் கடந்தால் கூரை தானாகவே ஒரு நிறத்துக்கு வந்துவிடும்.

இதே பாடத்தைப் பெரிய அளவில் தமிழகம் கண்டதுண்டு. கோயில் கற்களை மணல் வீச்சு முறையில் வெளுத்ததில் கல்வெட்டு எழுத்துகளும் சிற்ப நுணுக்கங்களும் மழுங்கின. கடும் எதிர்ப்புக்குப் பின் அறநிலையத் துறையே அம்முறைக்குத் தடை விதித்தது. மரபு முறைகளைப் பின்பற்றிய ஸ்ரீரங்கம் கோயில் திருப்பணிக்கோ 2017-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது கிடைத்தது. பாலக்கரைக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் இடையே ஓர் ஆறுதான் இருக்கிறது.

என் உறவினர் எனாமல் வேலையை நிறுத்திவைத்திருக்கிறார். மாசியில் கழுவத் தொடங்கினால், ஐப்பசி மழைக்கு முன் முகட்டுச் சாந்து இறுகப் போதிய அவகாசம் இருக்கும்.