ஐம்பது ரூபாய் ரப்பர், அறுநூறு கிலோமீட்டர்

மே மாதம் ஊருக்குக் கிளம்புகிறோம் என்றால் எங்கள் தெருவில் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "இந்த ஆம்னியிலயா?" ஊர் புளியங்குடி. ஆவடியிலிருந்து ஏறக்குறைய 600 கிலோமீட்டர். அங்கே ரயில் நிலையம் கிடையாது. பொதிகையில் இடம் கிடைத்தாலும் சங்கரன்கோவிலில் இறங்கி, மூட்டை முடிச்சோடு பஸ் பிடிக்க வேண்டும். நான், வீட்டுக்காரி, மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் இருவர். வண்டி 2008 மாடல். மேலே கத்திரி வெயில். பயப்பட வேண்டியதுதான். ஆனால் எதை நினைத்துப் பயப்படுவது என்பதில்தான் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள்.

"எஞ்சின் தாங்குமா?" என்கிறார்கள். ஆம்னியின் எஞ்சின் 796 சிசி, மூன்று சிலிண்டர். 1984-ல் மாருதி வேன் என்ற பெயரில் வந்து, 1988-ல் ஆம்னி ஆகி, 2019-ல் உற்பத்தி நிற்கும் வரை அடிப்படை அதேதான். தெருவுக்குத் தெரு இதைப் பிரித்துக் கோக்கத் தெரிந்த ஆள் இருக்கிறார். நேரத்துக்கு ஆயில் மாற்றியிருந்தால் இந்த எஞ்சின் லேசில் படுக்காது. படுக்க வைப்பது அதைச் சுற்றியிருக்கும் ரப்பர். ஹோஸ், பெல்ட், ஆயில் சீல், மூடிக்குள் இருக்கும் வாஷர், டயர். இரும்பு ஓடினால் தேயும். ரப்பர் ஓடாமல் நின்றாலும் கெடும். மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் மட்டும் போய்வரும் வண்டியில் கிலோமீட்டர் குறைவாகத்தான் காட்டும். அதைப் பார்த்து "வண்டி புதுசு மாதிரி இருக்கு சார்" என்பவர் பேச்சைக் கேட்டு நெடுஞ்சாலை ஏறாதீர்கள்.

நான் ஆவடி டேங்க் ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். 1965-ல் முதல் விஜயந்தா டாங்க் வெளிவந்த இடம் அது. அங்கே படிந்த பழக்கம், எந்தப் பாகத்தை எந்தத் தேதியில் மாட்டினேன் என்று எழுதி வைப்பது. வீட்டு வண்டிக்கும் ஒரு நோட்டு உண்டு. டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று நோட்டில் இல்லையென்றால், மாற்றவே இல்லை என்றுதான் கணக்கு.

ரேடியேட்டர் மூடியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதை யாரும் பார்ப்பதில்லை. வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். மூடியின் தலையில் 0.9 என்று பொறித்திருந்தால், அத்தனை பார் அழுத்தம் சேரும் வரை அது உள்ளே பிடித்து வைக்கும் என்று பொருள். அந்த அழுத்தத்தில் தண்ணீர் கொதிக்க ஏறக்குறைய 118 டிகிரி ஆக வேண்டும். மூடியின் அடியில் இருக்கும் ரப்பர் வெடித்துப்போனால் அந்தப் பதினெட்டு டிகிரியும் போச்சு. செங்கல்பட்டு தாண்டியதும் முள் ஏறும். டிரைவர் எஞ்சினைத் திட்டுவார். மெக்கானிக் ஹெட் கேஸ்கட் என்பார். வண்டி குளிர்ந்திருக்கும்போது மூடியைக் கழற்றி, ரப்பரை விரலால் தடவி, ஸ்பிரிங்கை அழுத்திப் பார்க்க ஒரு நிமிடம் ஆகுமா? சூடாக இருக்கும்போது மட்டும் திறக்கவே கூடாது. அடைத்து வைத்த அழுத்தம் முழுவதும் கொதிநீராக முகத்தில் வந்து அடிக்கும்.

இந்த மூடிக்கும் எங்கள் பக்கத்துக்கும் ஒரு சொந்தம் இருக்கிறது. பாடியில் தொழில் தொடங்கிய சுந்தரம் ஃபாஸ்னர்ஸ், 1990-களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கே ரேடியேட்டர் மூடி அனுப்பிய கம்பெனி. ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு லூகாஸ் டிவிஎஸ், பிரேக்குக்கு பிரேக்ஸ் இந்தியா, சக்கரத்துக்கு வீல்ஸ் இந்தியா என எல்லாம் பாடிதான். அம்பத்தூரில் டன்லப் தொழிற்சாலை டயர் போட்ட காலமும் உண்டு. இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு நாம் கிழிந்த வாஷரோடு திண்டிவனம் வரை போவது எனக்குப் பொறுக்காது.

அடுத்தது ஹோஸ். எஞ்சின் ஆறியிருக்கும்போது நுனியிலிருந்து நுனி வரை அமுக்கிப் பாருங்கள். அமுங்கி உடனே மீள வேண்டும். விறைத்திருந்தாலும், கொழகொழவென்று இருந்தாலும், கிளிப் பக்கத்தில் உப்பியிருந்தாலும் மாற்றிவிடுங்கள். மாற்றும்போது கிளிப்பும் புதிதாகவே இருக்கட்டும்.

தெர்மோஸ்டாட் விஷயத்தில் மட்டும் எனக்கும் எங்கள் மெக்கானிக்குக்கும் ஒத்துவராது.

"தம்பி, தெர்மோஸ்டாட் ஒண்ணு புதுசா போட்டுடு."

"எதுக்கு சார்? நம்ம ஊரு வெயிலுக்கு அது தேவையே இல்ல. கழட்டிப் போட்டுட்டா வண்டி கூலா ஓடும்."

தமிழ்நாடு முழுக்க இந்த வைத்தியம் நடக்கிறது. எஞ்சின் ஒரு குறிப்பிட்ட சூட்டில் ஓடத்தான் செய்யப்பட்டது. அந்தச் சூடு வரும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் நிறுத்தி வைப்பது தெர்மோஸ்டாட்டின் வேலை. அது இல்லாவிட்டால் எஞ்சின் சூடேறவே நேரமாகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானம் கூடும். கெட்டுப்போய் மூடியபடி நின்றுவிட்டால்தான் ஆபத்து. அதைக் கண்டுபிடிக்க ஒர்க்ஷாப் வேண்டாம். பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பை மூட்டுங்கள். அதன் மேல் 82 என்பது போல ஓர் எண் இருக்கும். தண்ணீர் கொதிப்பதற்குள் வால்வு திறந்தால் நல்லது. கொதித்த பிறகும் திறக்கவில்லையென்றால் குப்பைக்கு. பாத்திரத்தைச் சமையலறைக்குத் திரும்பக் கொண்டுபோகாமல் இருப்பது குடும்பத்துக்கு நல்லது.

தண்ணீர் என்றதும் போர் தண்ணீரைப் பிடித்து ஊற்றுகிறார்கள். ஆவடி, திருமுல்லைவாயல் பக்கம் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பு. கீசருக்குள் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவம்தான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். பழையதை இறக்கிக் கழுவிவிட்டு, கூலன்டும் டிஸ்டில்ட் வாட்டரும் டப்பாவில் சொன்ன கணக்கில் கலந்து ஊற்றுங்கள். பிறகு நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓடவிட்டு, முள் ஏறும்போது ஃபேன் தானாகச் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே, ஸ்விட்ச் மூன்றில் ஒன்று.

ஆம்னியில் எஞ்சின் இருப்பது முன்சீட்டுக்கு அடியில். அதனால் பெட்ரோல் ஹோஸை நான் வேறெதையும் விடக் கவனமாகப் பார்ப்பேன். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2008-ல் இந்த வண்டியைச் செய்தவர்கள் அதை நினைத்துச் செய்யவில்லை. பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கட்டுகளையும் மாற்ற வேண்டி வரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே சொல்லியிருக்கிறது. சீட்டைத் தூக்கியதும் பெட்ரோல் வாடை அடித்தால் பயணம் பிறகு, ஹோஸ் முதலில்.

டயரில் பட்டன் மட்டும் பார்த்தால் போதாது. பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் நன்றாக இருந்தும் பக்கச் சுவரில் முடிபோல வெடிப்பு ஓடியிருந்தால் அந்த டயரோடு நெடுஞ்சாலை வேண்டாம். ஸ்டெப்னியிலும் தேதி பாருங்கள். பெரும்பாலும் வண்டியிலேயே வயதான டயர் அதுதான். வெயிலில் டயர் வெடிப்பதற்குத் தார்ச்சாலைச் சூடு மட்டும் காரணமில்லை. காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கித் தானே சூடாகிறது. "வெயில் காலம், காத்தைக் குறைச்சு வைங்க" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஓடுவதற்கு முன், விடியற்காலையில், ஸ்டிக்கரில் போட்ட அளவுக்கு அடிக்க வேண்டும்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரம் இழுக்கும். புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியதற்கு அந்த வரம்பு 140தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.

உதிரி பாகம் வாங்க ஜி.பி. ரோடு போகலாம். இரும்புச் சாமானுக்குப் புதுப்பேட்டையும் தப்பில்லை. ஆனால் பழைய ரப்பரை யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

காகிதங்களைப் பற்றிச் சுருக்கமாக. சொந்த வண்டிக்குப் பதிவு 15 வருடம், அப்புறம் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் காருக்கு அந்தக் கட்டணம் 5,000 ரூபாய் ஆனது, பசுமை வரி தனி. இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, ஃபாஸ்டேக் மூன்றையும் முதல் நாள் ராத்திரி தேடாதீர்கள்.

இவ்வளவையும் கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பே முடித்துவிட வேண்டும் என்பேன். புதிதாக மாட்டிய சாமானையும் நம்பக் கூடாது. முறுக்காத கிளிப், சரியாக உட்காராத பெல்ட் எல்லாம் முதல் நூறு கிலோமீட்டரில்தான் வெளியே வரும். அது மேல்மருவத்தூரில் வருவதைவிடத் திருவள்ளூரில் வரட்டும். நான் திருத்தணி வரை போய் வருவேன். காலையில் இல்லை, உச்சி வெயிலில். முருகனைக் கும்பிட்ட மாதிரியும் ஆச்சு. திரும்பியதும் வண்டிக்கு அடியில் பழைய அட்டையை விரித்துவிட்டால், எது எங்கே ஒழுகுகிறது என்று காலையில் அட்டையே சொல்லும். வீல் நட்டுகளையும் அன்றைக்கே இன்னொரு முறை முறுக்கிவிடுவேன்.

கிளம்புவது விடியற்காலை மூன்று மணிக்கு. நெமிலிச்சேரியில் வெளிவட்டச் சாலை ஏறினால் சென்னைக்குள் நுழையாமலே வண்டலூர். எழுபதுக்கு மேல் ஓட்டுவதில்லை. மருமகனுக்கு அது பெரிய சித்திரவதை. "மாமா, லாரியெல்லாம் நம்மள ஓவர்டேக் பண்ணுது" என்பார். பண்ணட்டும். மதுரை தாண்டி, திருமங்கலம் பக்கம் நிழல் பார்த்து மதியம் மூன்று மணி வரை நிறுத்திவிடுவோம். முன்சீட்டில் பிள்ளைகளை உட்கார வைப்பதில்லை. அடியில் எஞ்சின் அனலும் எதிரே வெயிலும் சேர்ந்தால் பெரியவர்களுக்கே தலை சுற்றும்.

வண்டிக்கு நிஜமான சோதனை திரும்பும்போதுதான். போகும்போது துணிப் பையும் தண்ணீர்க் கேனும்தான் இருக்கும். வரும்போது ஊர் மொத்தமும் வண்டியில் ஏறப் பார்க்கும். புளியங்குடி எலுமிச்சைக்குப் பேர் போன ஊர், மச்சான் கை தாராளம். மேலே கேரியரில் பாரம் ஏற்றினால் பைபாஸில் பக்கக் காற்றுக்கு ஆம்னி ஆடும், பின்டயர் பிதுங்கும், எஞ்சின் சூடும் ஏறும். எனவே பாரம் சீட்டுக்குப் பின்னால், தாழ்வாக இருக்க வேண்டும். பின்டயருக்கு ஸ்டிக்கரில் முழுப் பாரத்துக்குச் சொன்ன காற்று. ஒரு மூட்டை எலுமிச்சைக்கு நான் ஒத்துக்கொள்வேன். தேங்காயை லாரி பார்சலில் போடச் சொல்லிவிடுவேன்.