நானோ வெட்டுத் திரவம்

நானோ வெட்டுத் திரவம் என்பது, உலோகங்களைக் கடையவும் துளையிடவும் பயன்படும் வெட்டுத் திரவத்தில் 100 நானோமீட்டருக்கும் குறைவான அளவுள்ள திண்மத் துகள்களைக் கலந்து பெறப்படும் திரவம் ஆகும். பட்டறைகளில் வெட்டுத் திரவத்தைக் 'கூலண்ட்' என்பர். அதில் சேர்க்கப்படும் துகள்களில் அலுமினிய ஆக்சைடு, மாலிப்டினம் டைசல்பைடு, கிராஃபீன், கார்பன் நானோகுழாய் ஆகியவை முக்கியமானவை.

உலோகத்தை வெட்டும்போது வெப்பம் முக்கியமாக இரண்டு இடங்களில் பிறக்கிறது. உலோகம் நறுங்கிச் சீவலாக மாறும் இடம் ஒன்று. அந்தச் சீவல் வெட்டுளியின் முகத்தில் உரசிச் செல்லும் இடம் மற்றொன்று. வெட்டுமுனையில் தண்ணீர் பாய்ச்சினால் வெட்டு வேகத்தை 30 முதல் 40 விழுக்காடு வரை கூட்டலாம் என்பதை அமெரிக்கப் பொறியாளர் எஃப். டபிள்யூ. டெய்லர் 1880-களிலேயே கண்டறிந்தார்.

திருச்சிராப்பள்ளிக்கு இது அன்றாடத் தொழிற்கேள்வி. 1960-களில் தொடங்கப்பட்ட பெல் நிறுவனத்தின் உயரழுத்தக் கொதிகலன் ஆலையும், அதைச் சார்ந்து துவாக்குடிப் பகுதியில் வளர்ந்த சிறு தொழிற்கூடங்களும் குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகுகளைக் கையாளுகின்றன. இத்தகைய கலப்பு எஃகுகள் சாதாரண எஃகைவிட வெப்பத்தைக் குறைவாகக் கடத்துவதால், சூடு வெட்டுமுனையிலேயே தேங்கி முனையை விரைவில் மழுங்கச் செய்கிறது.

வெப்பக் கடத்தல்

'நானோபாய்மம்' என்ற பெயரை 1995-இல் ஆர்கான் தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் சோய் அறிமுகப்படுத்தினார். சிறிதளவு துகளே கடத்துதிறனைப் பலமடங்கு உயர்த்தும் என்ற எதிர்பார்ப்பு அப்போது எழுந்தது. ஆனால் 30-க்கும் மேற்பட்ட ஆய்வகங்கள் ஒரே மாதிரிகளை அளந்து 2009-இல் வெளியிட்ட முடிவுகள், 19-ஆம் நூற்றாண்டில் மேக்ஸ்வெல் தந்த பழைய சமன்பாட்டை ஒட்டியே அமைந்தன. அச்சமன்பாட்டின்படி, கோளவடிவத் துகள்களைக் கனஅளவில் 1 விழுக்காடு சேர்த்தால் கடத்துதிறன் ஏறத்தாழ 3 விழுக்காடு மட்டுமே கூடும்.

துவாக்குடியை ஒட்டி அமைந்த தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வாளர்கள், அலுமினிய ஆக்சைடும் செம்பும் சேர்ந்த கலப்பு நானோபாய்மத்தைத் தயாரித்து 2011-இல் முடிவுகளை வெளியிட்டனர். 2 விழுக்காட்டுச் செறிவில் கடத்துதிறன் 12 விழுக்காடு அளவுக்கு உயர்ந்தது. பாகுத்தன்மையோ அதைவிடக் கூடுதலாக உயர்ந்தது. விளம்பரங்கள் முதல் எண்ணை மட்டும் சொல்லும். இரண்டையும் கேட்டு வாங்குவது நல்லது.

உராய்வுக் குறைப்பு

எனவே இத்திரவத்தின் பயனை உராய்வுக் குறைப்பில்தான் முதலில் தேட வேண்டும். துகள்கள் சீவலுக்கும் வெட்டுளிக்கும் இடையே புகுந்து, சில உருண்டும், மாலிப்டினம் டைசல்பைடு போன்றவை அடுக்கடுக்காக வழுக்கியும் உராய்வைக் குறைக்கின்றன. ஆந்திர ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெயில் நானோ போரிக் அமிலம் கலந்து எஃகைக் கடைந்து பார்த்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், 0.5 விழுக்காட்டுக் கலவையே சிறந்த பலனைத் தந்தது.

குறைந்த அளவு மசகு முறையில் இது மிகவும் பொருந்துகிறது. வழக்கமான முறையில் நிமிடத்துக்குப் பல லிட்டர் கூலண்ட் ஓடும். இம்முறையில் மணிக்குச் சில பத்து மில்லிலிட்டர் எண்ணெய் காற்றுடன் தூவப்படும். அந்தச் சில துளிகள் முழு வேலையையும் செய்ய வேண்டியிருப்பதால் துகளின் உதவி அங்கே எடுபடுகிறது. ஆழமான துளைகளுக்கு இது போதாது. அங்கே சீவலை வெளியே தள்ளத் திரவம் பாய்ந்தே ஆக வேண்டும்.

நடைமுறைச் சிக்கல்கள்

துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி அடியில் படியும். மீயொலியால் கலக்கியும் பரப்புவினைப் பொருள் சேர்த்தும் இதைத் தள்ளிப்போடலாம். ஆனால் கடின நீரில் உள்ள கால்சியம் அயனிகள் படிவை விரைவுபடுத்தும். ஆய்வகத்தில் வாலைவடிநீரில் நிலைத்த கலவை, ஆழ்துளைக் கிணற்று நீரில் நிலைக்கும் என்று நம்ப முடியாது.

தூவும்போது எழும் பனிமூட்டம் இன்னும் கவலைக்குரியது. உலோக வெட்டுத் திரவப் பனிமூட்டம் கனமீட்டருக்கு 0.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என அமெரிக்கத் தொழில்நல நிறுவனம் 1998-இல் பரிந்துரைத்தது. நானோகுழாய்களில் ஒரு வகையை 2014-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று வகைப்படுத்தியது. மூடப்படாத லேத் முன் எட்டு மணி நேரம் நிற்பவரின் மூச்சில் இதுவும் சேரும். உறிஞ்சும் குழாய் இல்லாத பட்டறையில் நானோகுழாய்க் கலவையைத் தூவவே கூடாது.

பயன்படுத்திய எண்ணெயை அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்க வேண்டும் என்கின்றன 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள். சாதாரண வடிகட்டிகள் மைக்ரோமீட்டர் அளவுத் துகளையே பிடிக்கும். நானோ துகள்கள் அவற்றின் வழியே போய்விடும். திருச்சியும் ஸ்ரீரங்கமும் காவிரி, கொள்ளிடப் படுகைகளில் எடுக்கும் நீரைக் குடிக்கின்றன. பட்டறைத் தொட்டியின் அடியில் தங்கும் சேற்றைச் சாக்கடையில் கொட்டும் வழக்கத்தை நானோ கலவையோடு தொடர முடியாது.