கோவில்பட்டி ஹாக்கித் திடலுக்குள் போவோமா?

"பிள்ளையை எந்த ஹாக்கி டீமில் சேர்க்கலாம்?" கோவில்பட்டியில் டீக்கடையில் நின்று இதைக் கேட்டுப் பாருங்கள். ஆளுக்கு ஒரு பதில், பதிலுக்கு ஒரு வரலாறு! தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பேர்போன இந்தக் கரிசல் ஊர் ஹாக்கி என்றால் சொக்கிப்போகும்.

சும்மாவா? 2022-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு வெண்கலம். அந்த அணியில் இந்த ஊர் மாரீஸ்வரன் சக்திவேலும் இருந்தார், அரியலூரிலிருந்து வந்து இங்கே விளையாட்டு விடுதியில் பயின்ற கார்த்தி செல்வமும் இருந்தார். பாகிஸ்தானுக்கு எதிரான ஆட்டம் 1-1. இந்தியாவின் அந்த ஒரு கோலை அடித்தது கார்த்தி! அது நடந்த அதே மே மாதம், ஜூனியர் ஆண்கள் தேசியப் போட்டி கோவில்பட்டியிலேயே நடந்தது. இங்கே நடக்கும் லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கோ நாடு முழுவதிலுமிருந்து அணிகள் வந்து இறங்கும். இப்படிப்பட்ட ஊரில் பெற்றோருக்கு ஆசை வராமல் இருக்குமா?

சரி, கோப்பை அலமாரியை அப்புறம் பார்க்கலாம். நேரே பயிற்சிக்குப் போவோம்.

முதலில் தண்ணீர்! டர்ஃப் எனும் செயற்கைப் புல்தரையை நனைத்தால்தான் பந்து சீராக வழுக்கி ஓடும். விழுந்தாலும் தோல் உரியாது. சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணியைக் குழாயில் வரவழைத்துக் குடிக்கும் ஊரில் அந்த ஈரத்தின் அருமை தனி. மண் தரையில் பழகும் குழுவென்றாலும் கவலை வேண்டாம். பந்து எப்படித் துள்ளினாலும் அடக்கும் கை அங்கேதான் அமையும். டர்ஃபில் பழக வாரத்தில் எத்தனை நாள் கூட்டிப்போவார்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, குட்டிப் பிள்ளைகளின் இடது கை. இதுதான் உள்ளே இருப்பவர்கள் பார்க்கும் இடம்! ஹாக்கி மட்டையில் ஒரு பக்கம்தான் தட்டை. உருண்டைப் பக்கம் பந்தில் பட்டால் ஃபவுல். இடக்கைக்காரருக்கென்று தனி மட்டை கிடையவே கிடையாது. எல்லோருக்கும் இடது கை மேலே, வலது கை கீழே. மட்டையைத் திருப்புவது இடது கை. வலது கைக்குள் அது தளர்வாகச் சுழல வேண்டும். "எய்யா, இடது கைய இறுக்கிப் பிடி, வலது கைய லேசா விடு" என்று பத்து வயதுப் பிள்ளைக்குப் பக்கத்தில் குனிந்து நின்று சொல்லித்தரும் சார் கிடைத்தால், பாதிக் கவலை தீர்ந்தது. தரையில் நிறுத்தினால் இடுப்பெலும்பு உயரம் வரும் மட்டை போதும். அண்ணன் மட்டையைத் தம்பிக்குக் கொடுத்தால் அதை அடக்கி ஆள்வதே பாடாகிவிடும்.

கோல் கீப்பர் பையைத் திறக்கச் சொல்லுங்கள்! ஹெல்மெட், மார்புக் கவசம், கால் பேட், பாதத்தில் மாட்டும் கிக்கர், இரண்டு கைக்கும் கையுறை. ஆட்டத்திலேயே செலவு அதிகம் பிடிக்கும் சாமான் இது. சிறுபிள்ளை அளவில் ஒரு செட் வைத்திருக்கும் குழு, பிள்ளைகளின் உடம்பை மதிக்கும் குழு.

கடைசியாக பெஞ்ச். களத்தில் 11 பேர், 15 நிமிடம் வீதம் நான்கு கால்பகுதி. ஆளை மாற்ற ஹாக்கியில் வரம்பே இல்லை! போனவர் திரும்பவும் வரலாம். பெனால்டி கார்னர் நேரம் தவிர எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். விதியே இவ்வளவு தாராளமாக இருக்கும்போது, ஒரு பிள்ளை ஆட்டம் முழுக்க உட்கார்ந்தே இருந்தால் அது அந்தக் குழு எடுத்த முடிவு. ஆகவே ஒரு பயிற்சி ஆட்டத்தை முதலிலிருந்து முடிவுவரை பாருங்கள். கடைசி வரிசைப் பிள்ளைக்குப் பந்து போகிறதா? தப்பு செய்த பிள்ளை பயந்து முகம் பார்க்கிறதா, "இன்னொரு தடவை சார்" என்று ஓடுகிறதா?

நன்றாகத் தேறிய பிள்ளைக்கு வழியும் இருக்கிறது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் தேர்வு வைத்து விடுதியில் சேர்க்கும். தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி, உபகரணம் எல்லாம் அரசு செலவு. ஆனால் அந்தத் தேர்வுவரை பிள்ளைக்கு ஆட்டத்தின்மேல் ஆசை குறையாமல் இருக்க வேண்டுமே! அந்த ஆசையைக் காப்பாற்றித் தரும் குழுதான் நல்ல குழு. கோப்பை எத்தனை என்பது அதற்குப் பிறகுதான். இந்தச் சனிக்கிழமை பிள்ளையோடு திடலுக்குக் கிளம்புங்கள். எந்தக் குழு என்பதைப் பெஞ்சைப் பார்த்து முடிவு செய்யுங்கள்!