ஐந்தாண்டில் நான்கு அடி: குமரிமுனைக் கடைவீதி கற்றுத்தரும் பாடம்

ஆண்டு முழுவதும் கடை திறந்து வைத்தாலும், அறுபது நாள் வியாபாரத்தை நம்பியே பிழைக்கும் ஊர்கள் நம் மாநிலத்தில் பல உண்டு. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் கோடை, குற்றாலத்திற்குச் சாரல், கன்னியாகுமரிக்குக் கார்த்திகை முதல் நாள் தொடங்கி மகரஜோதி வரை நீளும் ஐயப்ப சீசன். “காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்” என்பதுதான் இந்த ஊர்களின் வியாபார மந்திரம். ஆனால் காற்றே வீசாத ஆண்டில் கடைக்காரர் என்ன செய்வது? சுற்றுலாவை நம்பிய சிறு வியாபாரிகள் அனைவரும் யோசிக்க வேண்டிய கேள்வி இது.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது குமரிமுனையில் சீசன் உச்சத்தில் இருந்தது. கடல் கொந்தளித்ததால் விவேகானந்தர் பாறையில் நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டனர். மாவட்டத்தின் கடற்கரைக் கிராமங்களில் ஏற்பட்ட உயிர்ச்சேதத்தின் முன் வியாபார நஷ்டம் பெரிதல்ல. ஆயினும் அந்த சீசன் அன்றோடு முடிந்தது. “ஆயிரம் ஆண்டுக்கு ஒருமுறை வரும் சோதனை” என்று பலரும் மனதைத் தேற்றிக்கொண்டனர். 2016-க்குப் பிறகு வந்த ஆண்டுகள் அந்த ஆறுதலைப் பொய்யாக்கின.

அடி மேல் அடி

2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என அறிவிக்கப்பட்டது. கார்த்திகை பிறக்க அப்போது ஒரு வாரமே இருந்தது. பக்தர்கள் வந்தார்கள், ஆனால் கையில் சில்லறை இல்லை. இதைக் கண்ட வியாபாரிகள் கார்டு மெஷின், செல்போன் வழிப் பணம் என்று மாறத் தொடங்கினர்.

அடுத்த ஆண்டு, 2017 நவம்பர் 30 அன்று, ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. கடலுக்குச் சென்ற மீனவர் பலர் திரும்பவில்லை. மரங்களும் மின்கம்பங்களும் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல நாட்கள் மின்சாரம் இல்லை. மின்சாரமும் செல்போன் சிக்னலும் இல்லாத இடத்தில் கார்டு மெஷினால் என்ன பயன்? முந்தைய ஆண்டு கைகொடுத்த ஏற்பாடு அந்த ஆண்டு உதவவில்லை.

2018-இல் குமரியில் புயலும் இல்லை, பணத்தட்டுப்பாடும் இல்லை. ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம் பம்பைக் கரையைச் சிதைத்தது. செப்டம்பர் 28 அன்று சபரிமலை வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அதைத் தொடர்ந்து போராட்டங்கள் நடந்தன. அங்கே கூட்டம் குறைந்தது. அதன் பாதிப்பு இங்கே கடைவீதியில் தெரிந்தது. நம் ஊரில் எதுவுமே நடக்காமலும் நம் வியாபாரம் படுக்கலாம் என்பதை அந்த ஆண்டு உணர்த்தியது.

2020-இல் கொரோனா. சபரிமலையில் சீசன் தொடக்கத்தில் சாதாரண நாட்களில் 1,000 பேருக்கு மட்டுமே அனுமதி என்றார்கள். ஐயப்ப சீசனை நம்பிய கடைகளின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

உண்மையான பலவீனம் எது?

போன ஆண்டு வந்த அடிக்கு இந்த ஆண்டு மருந்து தேடுவது மனித இயல்பு. ஆனால் ஒவ்வொரு முறையும் அடி வேறு திசையிலிருந்து வந்தது. அடுத்தது எங்கிருந்து வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. எனவே, இந்த நான்கு சீசன்களுக்கும் பொதுவாக இருந்தது எது என்று பார்ப்பதே புத்திசாலித்தனம்.

அது வெளியில் இல்லை; நம் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. சீசன் கடைக்கான ஏலத் தொகையை முன்கூட்டியே கட்டுகிறோம். ஐப்பசியிலேயே மொத்தச் சரக்கையும் கடனில் இறக்குகிறோம். இரண்டுக்கும் வட்டி ஓடுகிறது. ஆக, ஒரு ரூபாய் விற்பதற்கு முன்பே முதல் முழுவதும் முடங்கிவிடுகிறது. அடி எங்கிருந்து வந்தாலும் விழுவது இந்த இடத்தில்தான்.

செய்யத்தக்கவை

1. சரக்கைப் பிரித்து எடுங்கள். ஒரு லட்சம் ரூபாய் சரக்கு தேவை என்றால் முதலில் நாற்பதாயிரத்துக்கு மட்டும் எடுத்து, முதல் பத்து நாள் ஓட்டத்தைப் பார்த்து மீதியை எடுக்கலாம். சிறு தொகையாக எடுக்கும்போது விலை சற்றுக் கூடும். அந்தக் கூடுதலை நஷ்டமாகக் கருதாமல் பாதுகாப்புச் செலவாகக் கருத வேண்டும்.

2. சரக்கின் ஆயுளைக் கவனியுங்கள். சங்கு, சிப்பிப் பொருட்கள் அடுத்த ஆண்டும் விற்கும். சிப்ஸ், அல்வா நிற்காது. கறுப்பு, நீல வேட்டி கெடாது. ஆனால் தை பிறந்தபின் அடுத்த கார்த்திகை வரை அதில் போட்ட பணம் தூங்கும். கெடும் சரக்கும் தூங்கும் சரக்கும் கடன் பணத்தில் வேண்டாம்.

3. மொத்த வியாபாரிகளும் இதில் பங்காளிகளே. சில்லறைக் கடைக்காரர் விழுந்தால் மொத்தக் கடையின் பாக்கியும் வராது. பிரிக்காத பெட்டிகளைத் தை மாதத்துக்குள் திருப்பி எடுத்துக்கொள்வதாக முன்கூட்டியே எழுத்தில் பேசிக்கொள்வது இருவருக்கும் நல்லது.

4. பணம் வாங்க இரண்டு வழியும் இருக்கட்டும். க்யூஆர் அட்டையும் வேண்டும். கல்லாவில் சில்லறையும் வேண்டும்.

5. இன்சூரன்ஸ் எடுங்கள். மொத்த மதிப்பு 5 கோடி ரூபாய் வரையுள்ள சிறு நிறுவனங்களுக்கென ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்ற பாலிசி 2021 ஏப்ரலில் அறிமுகமானது. தீ, புயல், வெள்ளம், சுனாமி ஆகியவற்றால் கட்டடத்துக்கும் சரக்குக்கும் நேரும் சேதம் இதில் அடங்கும். தகரக் கொட்டகையில் கடை நடத்துவோர், தற்காலிகக் கட்டடத்தை ஏற்பார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். கொள்முதல் பில்களைக் கடையில் மட்டும் வைக்காமல் வீட்டிலும் ஒரு நகல் வையுங்கள். சரக்கு சேதமின்றி, கூட்டம் வராததால் மட்டும் ஏற்படும் நஷ்டத்துக்கு இந்த பாலிசி ஈடுகட்டாது என்பதையும் மறக்கக் கூடாது. அதற்கு முதலில் சொன்ன மூன்று வழிகள்தான் காப்பு.

சங்கம் செய்ய வேண்டியது

ஏலத் தொகையைத் தனி வியாபாரி பேசிக் குறைக்க முடியாது. இடர் வந்தபின் மனுக்கொடுத்து அலைவதைவிட, இயற்கைச் சீற்றத்தாலோ அரசு உத்தரவாலோ கடை மூடிக்கிடக்கும் நாட்களுக்குத் தொகையைக் கழிக்க வேண்டும் என்ற நிபந்தனையை, ஏல அறிவிப்பு வெளியாகும் முன்பே உள்ளாட்சி நிர்வாகத்திடம் கேட்பதே முறை. ஏலம் எடுத்து கையெழுத்திட்ட பிறகு கேட்பது சலுகை. முன்பே கேட்பது பேரம். பேரம் பேசுவது வணிகருக்குப் புதிதல்ல. ஒன்றாகச் சேர்ந்து பேசுவதுதான் நாம் இன்னும் பழக வேண்டியது. அடுத்த ஐப்பசி வரும்வரை காத்திராமல், இப்போதே ஒவ்வொரு கிளைச் சங்கமும் இதைக் கூட்டத்தில் வைத்துப் பேச வேண்டும்.