சொன்னேன் சரி, சொல்லிக் கொடுத்தேனா?

சில வருடங்களுக்கு முன் எங்கள் டீமில் ஒரு பையன் புதிதாகச் சேர்ந்தான். ஒரு பழைய சிஸ்டத்தை அவனிடம் ஒப்படைக்கும் பொறுப்பு என்னுடையது. எங்கள் துறையில் இதற்கு 'கே.டி.' என்று பெயர். மூன்று நாள் ஸ்லைடு போட்டு விளக்கினேன். "புரிஞ்சுதா?" என்று கேட்டபோதெல்லாம் தலையாட்டினான். நான்காம் நாள் தனியாக விட்டதும் திணறினான். இரண்டு மாதம் கழித்து மேனேஜர் விசாரித்தபோது, "அவனுக்கு ஏறல சார்" என்று சொல்லிவிட்டேன். வேறு ப்ராஜெக்டுக்கு மாற்றினார்கள். கொஞ்ச நாளில் வேலையையே விட்டுவிட்டான்.

அந்த "ஏறல" என்ற வார்த்தை எவ்வளவு சோம்பேறித்தனமானது என்பது, இரண்டாம் உலகப்போர் கால அமெரிக்கத் தொழிற்சாலைகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தபோதுதான் உறைத்தது.

1940 ஆகஸ்ட். ஐரோப்பாவில் போர் நடக்கிறது. அமெரிக்க ஆலைகளில் ஆயுத ஆர்டர்கள் குவிகின்றன, தேர்ந்த கைகள் இல்லை. அடுத்த சில வருடங்களில் இருக்கிற ஆட்களும் ராணுவத்துக்குப் போக, இயந்திரத்தையே தொட்டிராத பெண்களும் கிராமத்து ஆட்களும் உள்ளே வந்தார்கள். இவர்களைத் தயார்செய்ய அரசு தொடங்கிய அமைப்புதான் 'ட்ரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி', சுருக்கமாக டி.டபிள்யூ.ஐ. நடத்தியவர்கள் சானிங் டூலி, வால்டர் டீட்ஸ் போன்று தனியார் கம்பெனிகளில் பயிற்சிப் பொறுப்பில் இருந்தவர்கள்.

முதலில் வந்த தலைவலிகளில் ஒன்று லென்ஸ். ராணுவக் கருவிகளுக்கான லென்ஸ்களைத் தேய்க்க ஆள் இல்லை. கற்றுத் தேற வருடக்கணக்கில் ஆகும் என்பது அந்தத் தொழிலின் நம்பிக்கை. இவர்கள் போய், ஒரு லென்ஸ் மேஸ்திரி நாள் முழுக்க என்னதான் செய்கிறார் என்று பிரித்துப் பார்த்தார்கள். நிஜமாகவே அனுபவம் தேவைப்படும் வேலைகள் சில. மற்றவை புதியவர் சீக்கிரம் பழகிக்கொள்ளக் கூடியவை. பிரித்துக் கொடுத்ததும், வருடங்கள் மாதங்களாகச் சுருங்கின.

அடுத்த கேள்வி: யாருக்குப் பயிற்சி கொடுப்பது? லட்சக்கணக்கான தொழிலாளிகளுக்கு நேரடியாகக் கொடுக்க முடியாது. அதனால் சூப்பர்வைசர்களைப் பிடித்தார்கள். பத்து பேர் கொண்ட குழு, தினம் 2 மணி நேரம், 5 நாள். மொத்தம் 10 மணி நேரம், அவ்வளவுதான். கற்பித்தது தொழிலை அல்ல, தொழிலைச் சொல்லிக் கொடுக்கும் முறையை.

முதல் நாள் வகுப்பில் ஒரு முடிச்சு வரும். ஒயரில் தொங்கும் பல்பு ஹோல்டரைக் கழற்றினால் உள்ளே ஒரு முடிச்சு இருக்கும், பார்த்திருப்பீர்கள். ஒயரை இழுத்தால் இணைப்பு பிடுங்கிக்கொண்டு வராமல் இருக்கத்தான் அது. பயிற்சியாளர் ஒருவரை அழைத்து, அந்த முடிச்சைப் போடும் விதத்தை வாயால் மட்டும் விளக்குவார். அவரால் போட முடியாது. இன்னொருவரிடம் பேசாமல் செய்து மட்டும் காட்டுவார். அவராலும் முடியாது. வகுப்பே சிரிக்கும். பிறகுதான் சரியான முறை வரும்.

அதில் நான்கு படிகள். ஒன்று, ஆளைத் தயார்செய்வது: பதற்றத்தைப் போக்கி, ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது. இரண்டு, வேலையைச் சொல்லியும் காட்டியும் ஒவ்வொரு படியாகக் கொடுப்பது, 'இரண்டு முனையும் சமமா இருக்கணும்' என்பது போன்ற நுணுக்கங்களோடு. மூன்று, அவரைச் செய்யச் சொல்லி, செய்துகொண்டே அந்த நுணுக்கங்களை அவர் வாயாலேயே விளக்க வைப்பது. நான்கு, தனியாக விட்டு, சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்று காட்டி, அடிக்கடி போய்ப் பார்ப்பது. இதன் வேர், முதல் உலகப்போரில் கப்பல் கட்டும் தளங்களுக்குப் பயிற்சி கொடுத்த சார்லஸ் ஆலன் என்பவரின் முறையில் இருக்கிறது.

இதெல்லாம் சட்டைப்பையில் வைக்கும் ஓர் அட்டையில் அச்சிட்டுத் தரப்பட்டது. கடைசியில் இருக்கும் கருத்து: கற்பவர் கற்கவில்லை என்றால், சொல்லிக் கொடுத்தவர் சொல்லிக் கொடுக்கவே இல்லை.

1945-இல் இந்த அமைப்பு மூடப்படும்போது, அதன் வெவ்வேறு பயிற்சிகளை முடித்துச் சான்றிதழ் பெற்றவர்கள் 17 லட்சத்துக்கும் மேல். ஆலைகள் சுமார் 16,500. போருக்குப் பின் அமெரிக்காவில் இது பெரும்பாலும் மறந்துபோனது. ஆனால் ஆக்கிரமிப்புக் காலத்தில் ஜப்பானுக்குப் போய், 1950களின் தொடக்கத்தில் டொயோட்டாவுக்குள் நுழைந்து அங்கேயே தங்கிவிட்டது. பிறகு டொயோட்டாவின் ரகசியம் என்ன என்று படிக்கப் போன அமெரிக்கர்கள், தங்கள் ஊர்ச் சரக்கையே அங்கே பார்த்தார்கள்!

எல்லாவற்றையும் இப்படிக் கற்றுக்கொடுத்துவிட முடியாது. காதால் கேட்டே பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லும் மெக்கானிக்கை 10 மணி நேரத்தில் உருவாக்க முடியாது. ஆனால் 'சீனியர் பக்கத்துல நின்னு பாத்துக்கோ' என்பதைப் பயிற்சி என்று அழைப்பதை இந்த முறை தகர்க்கிறது. பக்கத்தில் நிற்பவர் பார்ப்பது கையின் அசைவை மட்டும்தான். அதற்கான காரணம் சீனியரின் தலைக்குள் இருக்கிறது. அதை வெளியே எடுப்பதுதான் வேலை.

நான் மூன்று நாளும் செய்தது, வாயால் முடிச்சுப் போட்டது. அந்தப் பையனின் கையில் ஒரு தடவைகூட ஒயரைக் கொடுக்கவில்லை. இப்போது கே.டி. என்றால், என் லேப்டாப்பைப் புதியவரிடம் தள்ளிவிட்டு, "நீங்க செய்யுங்க, ஏன் செய்றீங்கன்னு எனக்குச் சொல்லுங்க" என்கிறேன். அவர் தடுமாறும் இடத்தில், நான் சொல்ல மறந்தது என்ன என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது.